சீல் வைத்த டின்களைத் தொடாதீர்கள்

கேள்வி: அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தெற்காசிய மளிகைக் கடை நடத்துகிறேன். சிறு கடைகளுக்குச் சரக்கு கொடுக்க ஒரு கிடங்கும் உண்டு. வேறு மாநிலத்து மொத்த வியாபாரி ஒருவர் டின் மீன்களைச் சந்தை விலையில் பாதிக்கும் குறைவாகத் தந்தார். 600 பெட்டிகள் வாங்கினேன். பாதி அயிலை, பாதி 'ஒயிட் டூனா'. அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்துப் போனார்கள். பிறகு திரும்பி வந்து, சரக்கை நகர்த்தக் கூடாது என்று ஆணை கொடுத்துச் சீட்டு ஒட்டிவிட்டார்கள். அடுத்தது பறிமுதல் வழக்கு என்றும் சொன்னார்கள். அயிலை அழுகியதாம், டூனா லேபிளில் சொன்ன மீனே இல்லையாம். ஒரு டின்கூட உப்பவில்லை, துரு இல்லை. சரக்கு வந்த அன்றே ஓர் அயிலை டின்னைத் திறந்து குழம்பு வைத்துச் சாப்பிட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சரக்கு கொடுத்தவர், "லாரி அனுப்புகிறேன், ஏற்றிவிடுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்கிறார். குடியேற்ற வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் நண்பர், "சரக்கு நம் மாநிலத்துக்குள் வந்து இறங்கிவிட்டது, மத்திய அரசுக்கு இனி அதிகாரமில்லை, விடாதீர்கள்" என்கிறார். லேபிளை மாற்றி விற்க வழியில்லையா? என்மீது குற்ற வழக்கு வருமா? அதிகாரிகள் வருவதற்கு முன்பே சுமார் 40 பெட்டிகள் சிறு கடைகளுக்குப் போய்விட்டன. பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்: அந்த லாரியை முதலில் நிறுத்துங்கள். உங்கள் கடிதத்தில் அழுகிய மீனைவிட ஆபத்தான வரி அதுதான். இன்றைய நிலையில் நீங்கள் மோசமான சரக்கை வாங்கி ஏமாந்த வியாபாரி. சீட்டு ஒட்டிய பெட்டிகளை லாரியில் ஏற்றிய மறு நிமிடம், அரசின் தடுப்பு ஆணையை மீறி ஆதாரத்தை அப்புறப்படுத்தியவர் ஆகிவிடுவீர்கள். மீன் நல்ல மீனாகவே இருந்தாலும் அந்தக் குற்றம் தனியாக நிற்கும். பணம் திரும்பக் கிடைக்கும் என்று அவர் சொல்வதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. சரக்கு கைக்குப் போன பிறகு அவர் ஏன் உங்கள் தொலைபேசியை எடுக்கப் போகிறார்? 'ஆணை அமலில் இருப்பதால் சரக்கைத் தர இயலாது' என்று அவருக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் அவர் சொன்னதையும் அதே அஞ்சலில் குறிப்பிட்டுவிடுங்கள். பின்னால் உதவும்.

பெட்டிகளை வேறு மூலைக்கு மாற்றுவது, சீட்டைப் பிரித்து ஒட்டுவது, 'நாமும் ஓர் ஆய்வகத்தில் சோதித்துப் பார்ப்போமே' என்று நாலு டின்னை உருவுவது என எதையும் அனுமதியில்லாமல் செய்ய வேண்டாம். தனிச் சோதனை தேவைப்பட்டால் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, ஒட்டிய சீட்டின் தலைப்பைப் பாருங்கள். மத்திய உணவு மருந்து நிர்வாகத்தின் (FDA) ஆணையா, மாநில அரசின் விற்பனைத் தடையா? இரண்டும் வெவ்வேறு. மாநிலத் தடை அந்தந்த மாநிலச் சட்டப்படி நடக்கும். மத்திய நிர்வாகத்தின் தடுப்பு ஆணை என்றால் 20 நாட்கள், தேவைப்பட்டால் இன்னும் 10 நாட்கள், ஆக அதிகபட்சம் 30 நாட்கள்தான் நிற்கும். அதற்குள் அவர்கள் நீதிமன்றம் போக வேண்டும். 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு நவீனமாக்கல் சட்டம் இந்த அதிகாரத்தை எளிதாக்கிவிட்டது. முன்பு உடல்நலத்துக்குக் கடுமையான கேடு வரும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும். இப்போது உணவு கெட்டது அல்லது லேபிள் பொய் என்று நம்பக் காரணம் இருந்தாலே போதும். மேல்முறையீட்டுக்கு உரிய கெடு நாட்கணக்கில்தான் இருக்கும். உணவுச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே பிடியுங்கள். நண்பர் நல்லவராக இருக்கலாம், ஆனால் இது அவருடைய களம் இல்லை.

அவருடைய வாதத்துக்கு 1911-லேயே பதில் கிடைத்துவிட்டது. இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகருக்கு வேறு மாநிலத்திலிருந்து வந்த 50 டின் பதப்படுத்திய முட்டையை அரசு பிடித்தது. வாங்கியவர் அதைத் தன் ரொட்டிக்கூடத்தில் பயன்படுத்த வைத்திருந்தார், விற்பதற்கு அல்ல. பயணம் முடிந்த பிறகு மத்திய அரசுக்கு என்ன வேலை என்று உங்கள் நண்பர் கேட்பதையேதான் முட்டை நிறுவனமும் உச்ச நீதிமன்றத்தில் கேட்டது, தோற்றது. சட்டம் தடை செய்த சரக்கு எங்கே கிடைத்தாலும் பிடிக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். 1938-இல் வந்த இப்போதைய சட்டம் இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறது. மாநில எல்லை தாண்டி வந்து விற்பனைக்காக வைக்கப்பட்டிருக்கும் உணவு, அது எத்தனையாவது விற்பனையாக இருந்தாலும், பறிமுதலுக்கு உட்பட்டது. உங்கள் கிடங்கில் இருப்பது அதற்குப் பாடநூல் உதாரணம்.

பறிமுதல் வழக்கு என்றதும் உங்களுக்குக் கை நடுங்கியிருக்கும். அது எப்படிப்பட்ட வழக்கு என்று தெரிந்தால் நடுக்கம் கொஞ்சம் குறையும். அதில் பிரதிவாதி டின்கள்தான். 'அமெரிக்கா எதிர் இத்தனை பெட்டி டின் மீன்' என்றே தலைப்பு இருக்கும். பொருளையே பிரதிவாதியாக நிறுத்தும் பழைய கடல்வழிச் சட்ட முறை இது. 1906 ஜூன் 30-இல் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட முதல் உணவு மருந்துச் சட்டம் அதை உணவுக்குக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் முடிந்த வழக்குகளை அரசு அவ்வப்போது அச்சிட்டு வெளியிட்டது. அவற்றில் சால்மன், மத்தி, இறால் டின்கள் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலான குறிப்புகள் ஒரே அச்சில் வார்த்தவை: சரக்கு எங்கிருந்து எங்கே வந்தது, குற்றச்சாட்டு 'முழுவதுமோ பகுதியோ அழுகிய விலங்குப் பொருள்', யாரும் உரிமை கோரி வரவில்லை, அழிக்க உத்தரவு. இறால் டின்கள் அடிக்கடி சிக்கியதன் விளைவாக 1934-இல் சட்டத்தையே திருத்தினார்கள். ஆலை விரும்பிக் கேட்டு, செலவையும் ஏற்றுக்கொண்டால், அரசு ஆய்வாளர் ஆலைக்குள்ளேயே நின்று கண்காணிப்பார். தொழில்காரர்கள் கைக்காசைப் போட்டு ஆய்வாளரை உள்ளே அழைத்தார்கள் என்றால், பறிமுதலின் அடி எவ்வளவு வலித்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இதனால் என்ன? வழக்கில் நிரூபிக்க வேண்டியது சரக்கின் நிலையை மட்டுமே. உங்களுக்குத் தெரியுமா, நோக்கம் என்ன, நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் அங்கே பேச்சில்லை. ஆகவே 'எனக்குத் தெரியாது' என்ற வாதம் டின்களைக் காப்பாற்றாது. அதே காரணத்தால் டின்கள் தோற்பதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவதும் இல்லை.

இனி அந்த அயிலைக் குழம்புக்கு வருகிறேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் வாதம் இது. 'சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை.' அரசு உங்கள்மீது வைத்திருப்பது விஷக் குற்றச்சாட்டு இல்லை என்பதை முதலில் கவனியுங்கள். சட்டம் கலப்பட உணவைப் பல பிரிவுகளாகப் பார்க்கிறது. உடலுக்குத் தீங்கு செய்யும் பொருள் இருப்பது ஒன்று. அசுத்தமானதோ அழுகியதோ சிதைந்ததோ கலந்திருப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு யாரும் நோயில் விழ வேண்டியதில்லை. அழுகிய மீனை மனிதன் உண்ணக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அது ஆளைக் கொல்லுமா என்ற விசாரணை தேவையே இல்லை.

டின்னோ சீல் வைத்தது, உள்ளே கிருமியே இல்லை, பின் எப்படி அழுகும் என்று நீங்கள் கேட்கலாம். டின்னுக்குள் அழுகவில்லை. டின்னுக்குள் போவதற்கு முன்பே அழுகிவிட்டது. மூடிய டின்களை நீராவி அழுத்தக் கலனில் ஏற்றி, பெரும்பாலும் 116 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். டின்னின் அளவைப் பொறுத்து நேரம் மாறும். போட்டுலிசம் விஷத்தை உண்டாக்கும் கிருமியின் வித்துகளை ஒழிப்பதற்காகக் கணக்கிட்ட வெப்பம் அது. கிருமியைக் கொல்லும், ஆனால் அதற்கு முன் அந்தக் கிருமிகள் மீனுக்குச் செய்துவைத்ததை மாற்றாது. திரிந்த பாலை எத்தனை முறை காய்ச்சினாலும் நல்ல பாலாகிவிடுமா? படகில் பனிக்கட்டி போதாமல் கிடந்த மீன், ஆலை வாசலில் வெயிலில் காத்திருந்த மீன், உறைநிலையிலிருந்து இளக்கிவிட்டு விடுமுறைக்குப் போன மீன், எதுவானாலும் டின்னுக்குள் போன நிமிடத்தில் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே பூட்டப்படுகிறது. அதனால்தான் உங்கள் டின்கள் உப்பவில்லை. உப்புவதற்கு உள்ளே உயிருள்ள கிருமி வாயுவை உண்டாக்க வேண்டும், அல்லது உலோகம் அரித்து ஹைட்ரஜன் சேர வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. டின் அப்பழுக்கற்றது, மீன்தான் அழுகல்.

உப்பிய டின் வேறு கதை. அது மூடிய பிறகு நேர்ந்த கோளாறு. சூடு போதாதது, அல்லது மூடியின் மடிப்பிலோ உடலிலோ நுண்துளை விழுந்து குளிர்விக்கும் நீர் உள்ளே இழுக்கப்பட்டது. 1982-இல் பெல்ஜியத்தில் ஒருவர் அலாஸ்கா சால்மன் டின்னைத் தின்று போட்டுலிசத்தால் இறந்தார். டின் செய்யும் இயந்திரம் விட்டுவைத்த சிறு துளைதான் காரணம், கோடிக்கணக்கான டின்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. உங்கள் வழக்கு அந்த வகை இல்லை என்றே தோன்றுகிறது. அப்படியும், கிடங்கில் என்றாவது உப்பிய டின் கண்ணில் பட்டால், திறந்து பார்க்கும் வேலை வேண்டாம்.

ஆனால் அயிலைக்கென்று ஒரு தனி அபாயம் உண்டு. அயிலை, சூரை (டூனா), மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் செத்த பிறகு குளிர்விக்காமல் விட்டால் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். இந்தப் பொருள் சமைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது, டின் ஆலையின் அழுத்தக் கலனிலும் போகாது. தின்றவருக்குச் சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவக்கும், தலைவலி, படபடப்பு, உடலில் தடிப்பு வரும், சிலருக்கு நாக்கில் மிளகுக் காரம் போல உறைக்கும். ஒவ்வாமை என்று எண்ணி விட்டுவிடுபவர்களே அதிகம். 28 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்துக்கு உள்ளான மீனை, செத்த 6 மணி நேரத்துக்குள் பனிக்கட்டியில் வைத்தாக வேண்டும் என்று உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல் சொல்வது இதற்காகவே. மீன் அழுகியதற்கு அடையாளமாக அந்த நிர்வாகம் நீண்டகாலம் பத்து லட்சத்தில் 50 பங்கு ஹிஸ்டமினை வைத்திருந்தது. 2021-இல் வெளியிட்ட வரைவு அதை 35-ஆகக் குறைத்தது.

இந்த ஹிஸ்டமின் சரக்கு முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்காது. ஒரு படகின் மீன் மோசமாக இருக்கும், பக்கத்துப் படகின் மீன் புதிதாக இருக்கும். இரண்டும் ஒரே மேசையில் வெட்டப்பட்டு அடுத்தடுத்த டின்களில் விழும். ஒரே மீனில்கூட ஒரு துண்டுக்கும் மறு துண்டுக்கும் அளவு மாறும். நீங்கள் திறந்த ஒரு டின் அந்த ஒரு டின்னைப் பற்றித்தான் சாட்சி சொல்லும். அதிகாரிகள் பல பெட்டிகளிலிருந்து எடுப்பது அதனால்தான். அது போக, புளியும் மிளகாயும் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பில் அழுகல் வாடையை யார் கண்டுபிடிப்பது? அவர்கள் டின்னைத் திறந்த கையோடு, எதுவும் சேர்க்காமல் முகர்கிறார்கள். சோதனையின் முதல் கருவி இன்றும் பயிற்சி பெற்ற மூக்குதான், நீதிமன்றங்கள் அதை ஏற்கின்றன. கண்ணுக்கும் வேலை உண்டு. சூரையில் தசை தேனடை போலத் துளைதுளையாக இருப்பது பழைய மீனுக்குத் தெரிந்த அடையாளம். தசை குழைந்திருக்கிறதா, சாறு கலங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். எதிர்த் திசையிலும் தோற்றம் ஏமாற்றும். மீன் டின்னில் கண்ணாடித் துண்டு என்று வாடிக்கையாளர் பதறி ஓடி வருவார். பெரும்பாலும் அது மீனில் உள்ள தாது உப்புகள் சேர்ந்து உருவான படிகம், ஸ்ட்ரூவைட் என்று பெயர், சூடான வினிகரில் போட்டால் கரையும். பிடிபடுவதற்குக் காரணமே இல்லாத டின் அது.

சாட்சிக்கூண்டில் 'நான் சாப்பிட்டேன்' என்று சொல்லும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அரசு வழக்கறிஞர் கேட்கும் அடுத்த கேள்வி, 'அப்படியானால் சந்தேகம் இருந்ததால்தான் திறந்து பார்த்தீர்களா?' என்பதாகவே இருக்கும்.

டூனாவின் சங்கதி எளிது. 'ஒயிட் டூனா' என்ற பெயர் அமெரிக்க விதிகளில் அல்பகோர் என்ற ஒரே இனத்துக்கு மட்டும் உரியது. தசையின் நிறம் எவ்வளவு வெளுத்திருக்க வேண்டும் என்பதற்கும் அளவுகோல் இருக்கிறது. ஸ்கிப்ஜாக்கோ மஞ்சள்துடுப்புச் சூரையோ நல்ல மீன்தான், 'லைட் டூனா' என்று விற்கலாம். அவற்றை 'ஒயிட்' என்றால் அது மலிவான மீனை விலை உயர்ந்த மீனின் பெயரில் விற்பது. உள்ளே இருப்பது சூரையைப் போன்ற வேறு மீனான பொனிட்டோ (சார்டா பேரினம்) என்றால் அதை டூனா என்றே சொல்ல முடியாது. டின்னில் வெந்த மீனின் மரபணு சிதைந்துபோயிருக்கும் என்பது உண்மை. ஆனால் சிதைந்த சிறு துண்டுகளிலிருந்தே இனத்தைக் கண்டுபிடிக்கும் முறைகள் வந்துவிட்டன. அந்தப் பக்கம் தப்பிக்க வழியில்லை.

மீன் நன்றாகத்தானே இருக்கிறது, பெயர் மாறினால் என்ன என்று வியாபாரிகள் கேட்பதுண்டு. 1924-இல் உச்ச நீதிமன்றம் 95 பீப்பாய் வினிகர் வழக்கில் இதையே பார்த்தது. உலர்ந்த ஆப்பிளை நீரில் ஊறவைத்துச் செய்த வினிகரை, புதிய ஆப்பிள் சாற்றிலிருந்து செய்ததுபோல் தோன்றும் பெயரில் விற்றார்கள். வினிகரில் குறையில்லை, உடலுக்குக் கேடில்லை. லேபிள் வாங்குபவரைத் தவறான எண்ணத்துக்குத் தள்ளுகிறது, அது போதும் என்றது நீதிமன்றம்.

ஆகவே உங்கள் 600 பெட்டிகளை ஒரே சரக்காகப் பார்ப்பதை விடுங்கள். அயிலையும் டூனாவும் இரண்டு தனி நோயாளிகள். அழுகிய அயிலைக்கு எந்த லேபிளும் மருந்தில்லை. நல்ல டின்களோடு கலந்து சராசரியைக் குறைக்கும் யோசனையும் வேண்டாம். அப்படிக் கலந்தால் மொத்தமும் கெட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். டூனா நல்ல நிலையில் இருந்து பெயர் மட்டும் தவறு என்றால், சரியான லேபிளை ஒட்டி விற்க வழி உண்டு. ஆனால் அதை நீங்களாகக் கிடங்கில் உட்கார்ந்து செய்ய முடியாது. நீதிமன்றத்தில் உரிமை கோருபவராக முன்வந்து, பறிமுதல் தீர்ப்புக்கு உடன்பட்டு, பிணைப் பத்திரம் கொடுத்து, திட்டத்தை எழுத்தில் கொடுத்து, அதிகாரியின் கண்முன்னே செய்ய வேண்டும். அதிகாரியின் நேரம், கிடங்கு வாடகை, நீதிமன்றச் செலவு எல்லாம் உங்கள் தலையில். டின்மீது இருப்பது இன்னொருவரின் வணிகப் பெயர் என்பதால் அவருடைய சம்மதமும் தேவைப்படும்.

அயிலையிலும் எல்லாம் போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். டின்னின் மூடியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படியுங்கள். எந்த ஆலை, எந்தப் பொருள், எந்த ஆண்டு, எந்த நாள், நாளின் எந்தப் பகுதியில் அடைத்தது என்பது அதில் இருந்தாக வேண்டும், விதி அப்படி. உங்கள் 300 பெட்டிகளில் எத்தனை குறியீடுகள் கலந்திருக்கின்றன, அதிகாரிகள் எந்தக் குறியீடுகளிலிருந்து எடுத்தார்கள், எவை மோசமாக வந்தன என்று எழுதிக் கேளுங்கள். ஒரே நாளின் குறியீடு மட்டும் அழுகல் என்றால் மற்றதைப் பிரித்தெடுத்து மீட்க முடியும். பழைய வழக்குகளிலேயே இதற்கு ஏராளமான முன்னுதாரணம் உண்டு. மலிவு விலைச் சரக்கில் பெரும்பாலும் குறியீடுகள் கதம்பமாகக் கிடக்கும், சில நேரம் அழித்துவிட்டே அனுப்புவார்கள். அழிந்திருந்தால் பிரிக்க வழியே இல்லை. முழுவதும் குப்பைதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாங்கிய விலையே பாதி. மீட்கும் செலவு அதைத் தாண்டினால் உரிமை கோராமல் விட்டுவிடுவது அவமானம் இல்லை. யாரும் வராவிட்டால் நீதிமன்றம் அழிக்க உத்தரவிடும். வழக்கறிஞர் மூலம் பேசி, அதிகாரிகளின் மேற்பார்வையில் நீங்களே முன்வந்து அழித்துவிட ஒப்புக்கொண்டால், வழக்கு வரை போகாமல் முடிவதும் உண்டு. என் யோசனை: அயிலையில் குறியீடு தெளிவாகப் பிரியாவிட்டால் அழித்துவிடுங்கள், டூனாவுக்கு மட்டும் முயற்சி செய்யுங்கள். கௌரவத்துக்காகப் போராடினால் அந்தப் பணமும் மீனோடு போகும்.

குற்ற வழக்கு வருமா என்பது நீங்கள் இனி நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தது. கெட்ட உணவை மாநில எல்லை கடந்து வாங்கி விற்பது, தெரியாமல் செய்தாலும், சட்டத்தின் எழுத்துப்படி குற்றம்தான், ஓராண்டு வரை சிறை உண்டு. ஏமாற்றும் நோக்கம் இருந்தாலோ இரண்டாவது முறையானாலோ மூன்றாண்டு வரை. 1975-இல் ஒரு பெரிய மளிகைச் சங்கிலியின் தலைவர் ஜான் பார்க் வழக்கில், பால்டிமோர் கிடங்கில் எலி நடமாடியதற்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அபராதம் என்னவோ 5 குற்றச்சாட்டுகளுக்குத் தலா 50 டாலர்தான். ஆனால் முன்பே எச்சரித்தும் நிலைமை சரியாகவில்லை என்பது அவரைக் கட்டிப்போட்டது. உங்களுக்கு எச்சரிக்கை இப்போதுதான் வந்திருக்கிறது.

நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்குச் சட்டம் ஒரு கேடயமும் தருகிறது. 'இந்தச் சரக்கு கலப்படமோ பொய் லேபிளோ இல்லை' என்று, அமெரிக்காவில் இருக்கும் விற்பனையாளர் கையெழுத்திட்டுக் கொடுத்த உத்தரவாதம் கையில் இருந்தால் தண்டனையிலிருந்து பாதுகாப்பு உண்டு. சரக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. விலைப்பட்டியலின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாவிட்டாலும், விற்றவர் பெயர், விலைப்பட்டியல், லாரி ரசீது ஆகியவற்றை அதிகாரி கேட்டால் மறைக்காமல் கொடுங்கள். நல்லெண்ணத்தோடு வாங்கி விற்றவர் இந்த விவரங்களைத் தருவதும் சட்டத்தில் தற்காப்பின் ஒரு பகுதி. சரக்கு கொடுத்தவரைக் காப்பாற்றும் கடமை உங்களுக்கு இல்லை.

அவரிடமிருந்து பணம் வாங்குவது தனி வழக்கு. விற்கும் பொருள் அதன் சாதாரண உபயோகத்துக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும், ஏறக்குறைய எல்லா மாநிலங்களின் வணிகச் சட்டத்திலும் உண்டு. ஆனால் குறை தெரிந்த பிறகு நியாயமான காலத்துக்குள் அவருக்கு அறிவித்திருக்க வேண்டும். லாரி வேண்டாம் என்று அனுப்பும் அதே மின்னஞ்சலில் இதையும் சேர்த்துவிடுங்கள். 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையில் வாங்கியிருந்தால் கொஞ்சம் சிக்கல், வழக்கறிஞரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, சிறு கடைகளுக்குப் போன 40 பெட்டிகள். எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்துவது அதுதான். கிடங்கில் இருப்பதை அரசு பார்த்துக்கொள்ளும். வெளியே போனதற்கு இன்று பொறுப்பாளர் நீங்கள் ஒருவரே. அதில் எத்தனை அயிலை, எந்தக் குறியீடு, எந்தக் கடைக்கு எந்தத் தேதியில் போனது என்று இன்றிரவே எழுதுங்கள். அதிகாரிகள் இதைக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், பட்டியலை நீங்களே கொடுங்கள். கடைக்காரர்களைத் தொலைபேசியில் அழைத்து, விற்பனையை நிறுத்தி, மீதமுள்ளதைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பின்னர் எழுத்திலும் அனுப்புங்கள். அவர்கள் உங்கள் கிடங்குக்குத் திருப்பி அனுப்புவதென்றால் அதற்கும் அதிகாரியின் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், தடுப்பில் உள்ள சரக்கோடு அது கலந்துவிடக் கூடாது. விற்றுப்போன டின்களுக்காகக் கடை வாசலிலும் கல்லாவிலும் அறிவிப்பு ஒட்டச் சொல்லுங்கள்: பெயர், குறியீடு, திறக்காமல் திருப்பித் தந்தால் பணம் வாபஸ். தமிழ், ஆங்கிலம், அந்தப் பகுதி மக்கள் பேசும் மற்ற மொழிகள் எல்லாவற்றிலும் எழுதட்டும். சாப்பிட்டு முகம் சிவந்தது, படபடத்தது என்று யாராவது சொன்னால், மருத்துவரிடம் போகச் சொல்லிவிட்டு, மீதி மீனும் டின்னும் இருந்தால் எறியாமல் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கிடங்கு உணவு மருந்து நிர்வாகத்தில் பதிவு பெற்றது என்றால், கடுமையான உடல்நலக் கேட்டுக்கு நியாயமான வாய்ப்பு இருப்பதாகத் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அறிவிக்கும் கடமையும் உண்டு. ஹிஸ்டமின் அளவு என்ன வந்தது என்று அதிகாரியிடம் கேட்டு, அந்த எண்ணை உங்கள் புதிய வழக்கறிஞரிடம் நாளைக் காலையிலேயே சொல்லுங்கள்.